முக்கியமான ஆடு

சகாயசெல்வியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சீப்புச் சிறுமலைப் பழமும் ஆளுக்கொரு யோசனையும் கொண்டுவந்தார்கள். பழத்தையாவது அவள் புருசன் ஸ்டீபன்ராஜ் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டான். யோசனைகள் கட்டிலைச் சுற்றியே கிடந்தன.

கட்டில் பின்னறையில், காட்டைப் பார்த்த ஜன்னலோரமாக இருந்தது. கால்மாட்டுப் பக்கம் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். தலை தாழ்ந்து கால் உயர்ந்து படுத்தபடி பார்த்தால் கடலை பிடுங்கிய காடும் அதற்கப்பால் சிறுமலையும் ஒரு பக்கம் சாய்ந்து, யாரோ மெதுவாகக் கவிழ்க்கிற தட்டைப் போலத் தெரிந்தன. முதல் வாரம் தலை சுற்றியது. பிறகு உலகம் சாய்ந்துதான் இருக்கிறது என்று பழகிப்போனது.

ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தது. கக்கூசுக்குப் போவதைத் தவிர எதற்கும் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று திண்டுக்கல் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கலியாணமாகி ஒன்பது வருசத்தில் இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கியது. இரண்டும் உள்ளே அசைவு தெரியும் முன்பே போய்விட்டன. "அசைவு தெரியுதாம்மா?" என்று டாக்டரம்மா போனில் கேட்பார். "இன்னும் இல்ல டாக்டர்" என்பாள். ஸ்கேனில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முந்தின இரண்டு தடவையும்கூட ஸ்கேனில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதனால் அவள் ஸ்கேனை நம்பவில்லை. அசைவுக்காகக் காத்திருந்தாள். அது எப்படி இருக்கும் என்பதுதான் தெரியவில்லை. மீன் துள்ளுகிற மாதிரி என்றாள் ஒருத்தி. வயிற்றுக்குள் கொப்புளம் உடைகிற மாதிரி என்றாள் இன்னொருத்தி. "தெரியும்போது தெரியும் போ" என்றாள் ஐந்து பெற்ற மூன்றாமவள்.

ஊசியும் மாத்திரையும் எந்நேரமும் கண்ணைச் செருகவைத்தன. பாதித் தூக்கத்தில் கேட்ட பேச்சு எது, கனவில் கேட்டது எது என்று பிரிக்க முடியாமல் அவள் கிடந்த அந்தக் கார்த்திகைக் கடைசியில்தான் கிறிஸ்துமஸ் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு யோசனை கேட்டு ஊரே வந்துகொண்டிருந்தது.

திண்டுக்கல்லுக்கும் சின்னாளப்பட்டிக்கும் நடுவே, மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர் அது. கோயில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடத்துகிற சகாயசெல்வி, ஊருக்குச் செல்வி டீச்சர், அவள்தான் வருசா வருசம் நிகழ்ச்சியைப் போடுவாள். ஒரு வருசம் டிராக்டர் டிரெய்லரில் பெத்லகேம் வந்தது. ஒரு வருசம் நட்சத்திரமே தொலைந்துபோய் ராஜாக்கள் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வழி கேட்டார்கள். இந்த வருசம் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளோடு வகுப்பெடுக்கும் ஜோஸ்பின் தினமும் சாயங்காலம் செல்போனும் கையுமாக வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இதைப் பாரு. பொம்மலாட்டம். துணிக்கடைக் கவர்லயே செய்யலாமாம்."

"போன வருசம் பண்ணைக்காட்டுக் கோயில்ல செஞ்சாங்கடி."

"சரி, இது? பிள்ளைகளை மெழுகுவத்தி மாதிரி நிக்க வச்சு..."

"எரியிற சாமானெல்லாம் வேணாம். பஞ்சு ஒட்டுன சட்டை."

"அப்ப நீயே சொல்லு. மாதா வேசத்துக்கு அஞ்சு வீட்டுல சண்டை. அமலராணி மக தலைமுடி நீளமா இருக்கு, அவளுக்குத்தான்னு அவ அம்மா நீலச் சேலையே எடுத்து வச்சுட்டா, சின்னாளப்பட்டிச் சுங்குடி. மாதா சுங்குடி கட்டுவாளான்னு நான் கேக்கல, நீ கேளு."

செல்வி பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனாள்.

மறுநாள் ஞானதாஸ் சார் வந்தார். கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப்பேரவைக்குத் துணைத்தலைவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் ஓய்வு பெற்ற விசயம் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியும். அவருக்குத்தான் இன்னும் முழுசாகத் தெரியவந்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அறை முழுவதையும் ஒரு தடவை பார்த்தார். யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று.

"உடம்பு எப்படிம்மா இருக்கு? சரி. விசயத்துக்கு வாரேன். கான்செப்ட் இல்லாம மேடை ஏறக் கூடாது டீச்சர்."

"சரிங்க சார்."

"நான் ஒரு கான்செப்ட் யோசிச்சிருக்கேன். மீட்பின் வரலாறு. ஆதாம்ல ஆரம்பிச்சு..."

"எங்க சார் முடியும்?"

"நம்ம பங்குப்பேரவையில முடியும். நடுவுல வானதூதர் எறங்குறாரு. நெசமாவே எறங்குறாரு. தெருவிளக்கு மாட்டுற வண்டியில தொட்டி ஒண்ணு இருக்குல்ல, அதைப் பஞ்சு வச்சு மேகமா மாத்திடுறோம். நம்ம ஷைனி அதுல நிக்கிறா."

ஷைனி அவர் மகன் வழிப் பேத்தி. ரெண்டாம் வகுப்பு. வீட்டு மொட்டைமாடிக்கே வரமாட்டேன் என்று அழுகிற பிள்ளை.

"பங்குச் சாமியார் என்ன சொன்னாரு சார்?"

"பிள்ளையத் தொட்டியில ஏத்துனா தான் பங்கை விட்டே மாறிப் போயிருவேன்னாரு. சின்ன வயசு. கலைக் கண்ணோட்டம் பத்தாது." அவர் எழுந்து ஜன்னல் வழியாகச் சிறுமலையை ஒரு பார்வை பார்த்தார். அதன் உயரத்தில் அவருக்கு முழுத் திருப்தி இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் விடிகாலையில் செல்விக்கு விழிப்பு வந்தபோது மலையைக் காணோம். பனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே எல்லாம் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. மெல்ல மெல்ல அதற்குள் சில உருண்டைகள் தெரிந்தன. முதலில் கற்கள் என்று நினைத்தாள். பிறகு அவற்றிலிருந்து மூச்சு புகையாக எழும்பியது. இரண்டு காடு தள்ளி ஆண்டிச்சாமி கிடை போட்டிருந்தான். உரத்துக்காகக் காட்டுக்காரர்கள் ராத்திரிக்கு மந்தையை அழைத்து நிலத்தில் அடைக்கிற கிடை. இருநூறு செம்மறி இருக்கும். ஒன்றும் செய்யவில்லை, படுத்திருந்தன. ஒன்றின் முதுகில் இன்னொன்று தாடையை வைத்திருந்தது. ஓரத்தில் கவிழ்த்த பெரிய கூடைகளுக்குள் குட்டிகள் இருந்தன. மந்தையில் நசுங்காமலிருக்கக் குட்டிகளை அப்படித்தான் மூடி வைப்பார்கள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆடுகள் தூங்கிக்கொண்டிருந்தன என்றும் சொல்ல முடியாது. எதையோ எதிர்பார்த்துப் படுத்திருப்பதாகவும் சொல்ல முடியாது. இப்படியும் படுத்துக் கிடக்கலாம்போல என்று அவளுக்குப் பட்டது.

சாயங்காலம் ஜோஸ்பினிடம் சொன்னாள். "எல்லாப் பிள்ளையும் ஆடு."

"யாரு மாதா?"

"மாதா இல்ல."

"சூசையப்பரு?"

"இல்ல."

"ராஜாக்கமாரு? ஏற்கனவே மூணு பேர் தாடி வாங்கிட்டானுகளே."

"வேணாம்டி."

"அப்ப பிறகு யாருக்கா பொறப்பா?"

"இன்னும் பொறக்கல. பொறக்கிறதுக்கு முந்துன நேரம். பொறக்குமான்னே யாருக்கும் உறுதியாத் தெரியாது. காட்டுல ஆடுக படுத்திருக்கு. அம்புட்டுதான். கடைசியில எங்கயோ தூரத்துல ஒரு பாட்டுச் சத்தம் கேக்குது. ஆடுக தலையைத் தூக்கிப் பாக்குது."

ஜோஸ்பின் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது அதிலிருந்து தெரிந்தது. "பெத்தவங்க என்னைய உயிரோட விடமாட்டாங்க" என்றாள்.

விடத்தான் இல்லை. பிள்ளை படுத்துத் தூங்குவதைப் பார்க்க எதற்கு மேடை, வீட்டிலேயே பார்க்கிறோமே என்றார் ஒருவர். எங்க பிரவீனுக்கு நீளமான வசனம் எல்லாம் வரும் என்றாள் ஒருத்தி. அமலராணி நேராக ஜன்னலுக்கே வந்து, நீலச் சேலை விசயத்தை விட்டுக்கொடுத்த பெருந்தன்மையோடு கேட்டாள். "ஆடுன்னா சரி டீச்சர். ஆனா எம்மக முக்கியமான ஆடா இருக்கட்டும்."

"எல்லா ஆடும் ஒண்ணுதான் அமலா."

"அது சரி. அதுலயே கொஞ்சம் முக்கியமா."

ஞானதாஸ் சார் மட்டும் எதிர்க்கவில்லை. அஞ்சு வீட்டுச் சண்டை அவர் வீட்டு வாசலுக்கும் வந்திருந்தது. 'சமத்துவம்' என்று அந்த யோசனைக்குப் பேர் வைத்து, அது தன் கான்செப்ட் என்று கூட்டத்தில் அறிவித்தார். ஒரே ஒரு திருத்தம். தூரத்துப் பாட்டை யாராவது பாட வேண்டுமே, அதற்கு வானதூதர் ஒன்று. ஷைனி. அப்புறம் தொடக்கத்தில் அவருடைய முன்னுரை.

ஒத்திகை ஜன்னலுக்கு வெளியே நடந்தது. செல்வி படுத்தபடியே பார்த்துச் சொல்லுவாள். "விக்கி, ஆடு செல்போன் பாக்காது... பிரவீனு, கத்தாத. ஆடு எந்நேரமும் கத்தாது." பிள்ளைகளுக்குப் படுத்துக் கிடப்பதுதான் வரவில்லை. ஓடச் சொன்னால் ஓடியிருப்பார்கள்.

"டீச்சர், ஒண்ணுமே செய்யாம எப்பிடிப் படுக்குறது?" என்றாள் அமலராணி மகள்.

"என்னையப் பாரு. இப்பிடித்தான்."

ஒரு ராத்திரி ஸ்டீபன்ராஜ் சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தான். அவன் சமையலில் குழம்பு எப்போதும் ஒன்றுதான். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தின் பெயர் மட்டும் தினமும் மாறும். அன்றைக்குக் கத்திரிக்காய்.

"கோயில் முத்தத்துல கல்லு பதிக்கிறாங்க. கிறிஸ்துமசுக்குள்ள முடியாதாம்" என்றான்.

"பிறகு மேடை எங்க?"

"நம்ம கடலைக்காடு சும்மாதான கெடக்கு. போட்டுக்கங்கன்னு சொல்லிட்டேன். இருவத்திமூணாந் தேதி சாயங்காலம்."

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். காடு ஜன்னலுக்கு நேராக இருந்தது. அவன் தட்டைப் பார்த்து இன்னொரு உருண்டை பிசைந்துகொண்டிருந்தான்.

"உப்பு பத்தலையா?" என்றான்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள். பத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆண்டிச்சாமி ஜன்னலுக்கு வந்தான். தோளில் கம்பளி, கையில் தொரட்டி. சட்டைப் பையில் இருந்த செல்போனில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. "தாயி, செத்த நேரம் இதுக்குச் சார்ஜ் போடணும்."

"அடுப்படிப் பக்கம் வாங்கண்ணே. அவுக அங்கதான் இருக்காக."

அவன் போகவில்லை. "நாடகத்துல ஒரு இடையனையும் புதுசாச் சேத்துட்டாகளாமே. ஞானதாஸ் சார் வந்து ஒன் கம்பளியக் குடுன்னாரு. மோந்து பாத்துட்டு வேணாம்னுட்டாரு. திண்டுக்கல்லு டிரஸ் கடையில எடுத்திருக்காராம், இடையன் சட்டை. நீலமா வெல்வெட்டு, கழுத்துல சரிகை. இடையனுக்கு இம்புட்டுச் சரிகை குடுக்கிற ஊரு எங்க இருக்குன்னு தெரியல தாயி. நான் தப்பான சீமையில மேச்சுக்கிட்டிருக்கேன்."

"நீங்க இடையனா நிக்கிறீகளாண்ணே? நான் சொல்றேன்."

"அதைத்தான் தெனமும் நிக்கிறமே. ராஜா வேசம் இருந்தாக் குடு."

"இந்த வருசம் ராஜா இல்லண்ணே."

"கடையில இருந்து மூணு கிரீடமும் வந்திருச்சே, பாத்தேன்" என்றான் அவன், மனத்தாங்கலோடு. போகும்போது, "எட்டாந்தேதி ஒங்க காட்டுக்குத்தான் கெடை. ஸ்டீபன்ட்ட ஞாபகப்படுத்து" என்றான். கண் செருகிக்கொண்டிருந்த செல்வி, ஜனவரி எட்டு என்று எண்ணிக்கொண்டாள்.

இருபத்திமூன்றாம் தேதி காலையிலிருந்து காட்டில் கம்பு ஊன்றினார்கள். மத்தியானம் பலகை போட்டார்கள். மூன்று மணிக்கு ஜோஸ்பின் ஓடிவந்து ஜன்னலில் நின்றாள். முகம் செத்திருந்தது.

"அக்கா, மேடையை ரோட்டைப் பாத்துப் போட்டுட்டாங்க. சிறப்பு விருந்தினர் கார்ல இருந்து எறங்குனா மேடை நேராத் தெரியணும்னு சார் சொல்லிட்டாரு. நான் சொன்னேன், கேக்கல. ஒனக்கு முதுகுதான் தெரியும்."

அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. ஸ்டீபன்ராஜ் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லடி. நாடகத்துக்கு முதுகு உண்டுல்ல, அதையும் ஒருத்தி பாக்கட்டும்" என்றாள் செல்வி.

இருட்டும்போது பனி இறங்கிவிட்டது. ஜெனரேட்டர் ஓட, மேடை விளக்குகள் எரிந்தன. செல்வி கண்ட காட்சி இது: பெரிய பிளக்ஸ் பேனரின் பின்புறம், வெளிச்சம் ஊடுருவி மஞ்சளாக. அதில் ஞானதாஸ் சாரின் முகம் ஆளுயரத்துக்கு இடவலம் மாறித் தெரிந்தது. அவர் பெயரும் பட்டங்களும் கடைசி எழுத்திலிருந்து தொடங்கிக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல ஓடின. பேனருக்குக் கீழே பஞ்சு ஒட்டிய பிள்ளைகள் ஒருவர் மூக்கை ஒருவர் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆடு ஓரமாக நின்று ஒன்றுக்குப் போனது. வானதூதர் முறுக்கு தின்றார். போட ஆள் கிடைக்காத இடையன் சட்டையோடு கிடந்த டிரஸ் கடைப் பெட்டியின் மேல் மூன்று கிரீடங்கள் இருந்தன. முன்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதெல்லாம் கிடைக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது.

பிள்ளைகள் மேடையேறிப் படுத்தார்கள். முன்னுரை தொடங்கியது.

"அன்பிற்கும் பாசத்திற்கும் நேசத்திற்கும் உரிய..." என்று மைக்கில் கேட்டது. செல்விக்குக் கண் அயர்ந்தது. விழித்தபோது ஞானதாஸ் சார் ரோமைப் பேரரசில் இருந்தார். மறுபடி அயர்ந்து விழித்தபோதும் பேரரசு வீழவில்லை. ஆனால் வேறொரு சத்தம் சேர்ந்திருந்தது. ஓடைப்பக்கத்துப் பனியிலிருந்து, நூற்றுக்கணக்கான சின்னக் குளம்புகள் உழுத மண்ணில் நடக்கிற சத்தம்.

முதலில் ஒரு ஆடு பனியை விலக்கிக்கொண்டு வந்து நின்றது. பேனரில் இருந்த பெரிய முகத்தைப் பார்த்தது. பிறகு மற்றவை.

கனவு என்றுதான் நினைத்தாள். ஸ்டீபன்ராஜ் தலையில் கை வைத்தபடி ஓடியதைப் பார்த்ததும் கனவில்லை என்று தெரிந்தது. அவன் கனவில் இவ்வளவு வேகமாக ஓடமாட்டான்.

"என்னண்ணே இது, இன்னிக்கா?"

"மார்கழி எட்டுன்னு நீதானப்பு சொன்ன. இன்னிக்கு எட்டு" என்றான் ஆண்டிச்சாமி. "கெடைக்கு லைட்டெல்லாம் போட்டிருக்க. எதுக்குச் செலவு?"

ஐப்பசியில் பேசிய பேச்சு. கோயில் காரியம் எல்லாம் அந்த ஊரில் இங்கிலீஷ் தேதியில் நடக்கும், காட்டு வேலை எல்லாம் தமிழ்த் தேதியில். ஸ்டீபன்ராஜ் கோயிலுக்கு இருபத்திமூன்று சொன்னான், கிடைக்கு எட்டு சொன்னான். ஒரே காலண்டர்த் தாளில் ஒன்று பெரிய எழுத்திலும் ஒன்று சின்ன எழுத்திலும் இருந்ததை அவன் பார்க்கவில்லை. அந்த ஊரில் வேறு யாராக இருந்தாலும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"அண்ணே, வேற காட்டுக்குப் போங்கண்ணே. கையெடுத்துக் கும்புடுறேன்."

"இருட்டிருச்சு. இம்புட்டு ஆட்டையும் பனிக்குள்ள எங்கிட்டுப் பத்தச் சொல்ற? வாக்குக் குடுத்த எடத்துலதான் படுக்கும்." அதற்குள் ஆடுகள் மேடைக்கும் ஜன்னலுக்கும் நடுவே பரவிவிட்டன. ஆண்டிச்சாமியின் ஆட்கள் கூடைகளை இறக்கிக் குட்டிகளை மூடினார்கள். குட்டிகள் கத்தின.

மேடையில் படுத்திருந்த ஆடுகளுக்கு அது கேட்டது. பேனரின் கீழ்விளிம்பு தூக்கியது. ஒரு பஞ்சுத் தலை எட்டிப் பார்த்தது, அமலராணி மகள். அவள் இறங்கினாள். பிரவீன் இறங்கினான். சத்தமில்லாமல், ஒவ்வொன்றாக, நாற்பது பிள்ளைகளும் பேனருக்கு அடியில் நழுவிப் பின்பக்கம் வந்தார்கள். கடைசியில் இறக்கை மாட்டிக்கொண்டதால் ஷைனியை இரண்டு ஆடுகள் இழுத்து எடுத்தன.

"இதோ, நமது செம்மறிகள்" என்று முன்பக்கம் ஞானதாஸ் சார் கை நீட்டிக் காட்டினார். அங்கே பலகைதான் இருந்தது.

பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. சனம் மேடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தது. "யாரும் எழுந்திருக்க வேண்டாம்" என்று மைக் சொன்னது. சிறப்பு விருந்தினரும் எழுந்து வந்துவிட்டார்.

"பூராம் பேரும் சத்தம் போட்டா ஆடு படுக்காது. அந்த மெசினை மொதல்ல அமத்துங்க" என்றான் ஆண்டிச்சாமி. ஒருவரும் அசையவில்லை. இளவயசுச் சாமியார்தான் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். பேனரில் இருந்த முகம் அணைந்தது. "ஹலோ" என்றது மைக் இல்லாத குரல் ஒன்று. அப்புறம் அதுவும் இல்லை.

இருட்டில்லை. பனிக்கு மேலே எங்கோ நிலா இருந்தது, எல்லாம் சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தது. ஆடுகள் முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, ஒவ்வொன்றாகப் படுத்தன. பிள்ளைகளும் அவற்றைப் பார்த்து, முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, நடுவில் கிடைத்த இடத்தில் படுத்தார்கள். எது பஞ்சு, எது ரோமம் என்று ஜன்னலிலிருந்து தெரியவில்லை. இதுவரை ஒத்திகையில் ஒரு நாளும் வராத படுக்கை. ஷைனி ஒரு குட்டிக்கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தாள். பாட்டை மறந்துவிட்டாள்போல. ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. பெரியவர்கள் கிடையைச் சுற்றி நின்றார்கள். அமலராணி தன் மகளைத் தேடிக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

மந்தையின் அந்தக் கோடியில், கம்பளி போர்த்தித் தொரட்டியை ஊன்றி ஒரு ராஜா நின்றிருந்தார். கிரீடம் கொஞ்சம் சின்னது.

ஜன்னலுக்குக் கிட்டத்தில் ஞானதாஸ் சாரின் ரகசியக் குரல் கேட்டது. "இயற்கைச் சூழல்ல பண்ணலாம்னு... நாங்கதான்..." விருந்தினர் வாயில் விரல் வைத்து, "உஸ்" என்றார்.

அந்த அமைதியில்தான், ஜன்னலுக்கு அடியில் படுத்திருந்த ஒரு ஆடு பெருமூச்சுவிட்டுப் புரண்டு படுத்தது. செல்விக்கு அது கேட்டது. அப்போது இன்னொன்றும் புரண்டது. வெளியே இல்லை. அவளுக்குள், தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம். மீன் துள்ளவில்லை, கொப்புளம் உடையவில்லை. இடம் பத்தாத எதுவோ தன் சவுகரியத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

ஸ்டீபன்ராஜ் பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். கட்டிலோரம் நின்று தரையைப் பார்த்துப் பேசினான். "தப்பு எம்மேலதான் செல்வி. ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லித் தொலைச்சிட்டேன். நீ இம்புட்டு நாளாப் படுத்துக்கிட்டே யோசிச்சது... புரோகிராமே கெட்டுப்போச்சு. ஒனக்கு மேடை தெரியட்டும்னுதான் நான்..."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். டீசல் வாடையும் ஆட்டு வாடையும் அடித்தது. அந்தக் கையை அப்படியே வயிற்றின் இடப்பக்கம் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"என்ன?" என்றான்.

"செத்த நேரம் பேசாம இருங்க. முழிச்சிருக்கு."

அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். வெளியே ஊர் முழுவதும் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றது. உள்ளே இரண்டு பேரும், இன்னொரு தடவை வருகிறதா என்று காத்திருந்தார்கள்.